எழுபத்திரண்டில் ஒரு பங்கு

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேரை வைத்தார்கள் நம் புலவர்கள். ஊர் கூடி இழுக்கும் பெருந்தேர் வீதியில் உருண்டு வருவதைக் கண்ட குழந்தை, வீட்டு முற்றத்தில் தனக்கென ஒரு சிறுதேரை உருட்டி மகிழ்கிறது. பெரிய பொருளைச் சிறிதாக்கிக் கைக்குள் அடக்கிப் பார்க்க விரும்புவது மனித இயல்பு. நவராத்திரிக் கொலுவின் கீழ்ப்படிகளில் செட்டியார் கடையும் கல்யாண ஊர்வலமும் இடம்பெறுவதும் இவ்வியல்பினால்தான். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில், அக்கொலுப் படிகளில் ரயில்வண்டியும் விமானமும் சேர்ந்துகொண்டதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

அந்தச் சிறு விமானத்தைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறோம். கடையில் வாங்கிய பொம்மையை நாம் கருதவில்லை. உண்மை விமானத்தின் அளவுகளைக் குறைத்து, உறுப்பு உறுப்பாகச் செதுக்கியோ ஒட்டியோ, வர்ணம் பூசி, அடையாளங்கள் இட்டு முடிக்கும் மாதிரி விமானத்தையே கருதுகிறோம். பொழுதுபோக்காகத் தோன்றும் இவ்வேலை, ஒரு காலத்தில் உயிர்காக்கும் கல்வியாக இருந்தது. ‘இது யாருடைய விமானம்?’ என்ற ஒரு கேள்வி அதன் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகிறது. அக்கேள்வியைப் பின்பற்றிச் சென்றால் இங்கிலாந்தில் தொடங்கி, அமெரிக்கப் பள்ளிகளைக் கண்டு, கான்பூர் வழியாகப் பெங்களூர் வந்து சேருவோம்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். விகிதம் தவறாத சிறு உருவம் நமக்குப் புதிதன்று. நம் சிற்பிகள் தாலம் என்னும் அளவைக் கொண்டு, முகத்தின் நீளத்திற்கு முழு உருவத்தின் உயரம் இத்தனை மடங்கு என்று வரையறுத்தார்கள். சாண் உயர விக்கிரகத்திற்கும் ஆளுயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே. விமான மாதிரி செய்வோரிடையே பெருவழக்காய் உள்ள விகிதம் 72இல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு 12 அங்குலம். 6 அடிக்கு 72 அங்குலம். எனவே 6 அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் இவ்விகிதம் கிடைத்துவிடுகிறது. 6 அடி உயரமுள்ள விமானி, தம் விமானத்தின் மாதிரிக்கு அருகே ஓர் அங்குல உயரத்தில் நிற்பார்.

1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வகுத்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்னும் வரிசை இவ்வளவைப் பரப்பியது. மரத்துண்டுகளும் சிறு உலோக உறுப்புகளும் அப்பெட்டிகளில் இருந்தன. 1936இல் ‘ஃபிராக்’ என்ற வணிகப் பெயரில் விமானப் பொம்மைகள் செய்துவந்தவர்கள் ‘பெங்குவின்’ என்ற புது வரிசையை வெளியிட்டார்கள். அவர்களுடைய முந்திய விமானங்கள் ரப்பர் முறுக்கின் விசையால் உண்மையாகவே பறந்தவை. புதியவை அலமாரியில் அழகாக நிற்பவை. ஆகவே பறக்காத பறவையின் பெயரைச் சூட்டினார்கள். அவை செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்டவை. பின்னாளில் உலகெங்கும் பரவிய பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு அவையே முன்னோடிகள்.

1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கிற்று. மூன்று நாட்கள் கழிந்து, 6ஆம் நாள் காலையில், பகைவர் விமானங்கள் வருவதாகத் தவறான எச்சரிக்கை ஒன்று பிறந்தது. எசெக்ஸ் பகுதியிலுள்ள தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. அவற்றையே பகைவரின் விமானங்கள் என்று கருதி வேறொரு தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயர் விமானங்கள் எழும்பின. வானில் சந்தித்தபோது ஸ்பிட்ஃபயர்கள் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. ஓர் இளம் விமானி உயிரிழந்தார். அப்போரில் மாண்ட முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி, தம் நாட்டவர் குண்டுக்கே இரையானார். பகைவர் விமானம் ஒன்றுகூட அன்று அங்கு வரவில்லை. பார்க்கிங் ஓடைச் சண்டை என்று அத்துயர நிகழ்ச்சியை வரலாறு குறிக்கிறது.

இது ஒருவருடைய மடமையால் நேர்ந்தது என்று ஒதுக்கிவிட இயலாது. மணிக்கு 300 மைல் வேகத்தில் வரும் விமானத்தைக் கண்டு, எண்ணி, முடிவுசெய்யக் கிடைப்பவை சில நொடிகள்தாம். வெயிலை முதுகில் கொண்டு வரும்போது நிறமும் தெரியாது, அடையாள வளையமும் தெரியாது. கருநிழல் போன்ற வடிவம் ஒன்றே கண்ணில் படும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை வெற்றிலை நுனிபோல் வளைந்து குறுகும். ஹரிக்கேனின் இறக்கை தடித்தது, முதுகோ சற்றுக் கூன் விழுந்தது. இவ்வேறுபாடுகளைப் படத்தில் கண்டு மனப்பாடம் செய்வது ஒன்று. முன்னும் பின்னும் கீழும் பக்கமுமாக எத்திசையில் திரும்பினும் கண்டுகொள்வது வேறு. அதற்குக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் மாதிரி தேவைப்பட்டது.

இத்தேவையை மிகப் பெரிய அளவில் நிறைவேற்றியவர்கள் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள். 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, கல்வி அலுவலகத்தின் வாயிலாக, 5 லட்சம் மாதிரிகள் செய்து தருமாறு நாட்டின் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. விமான வகைகள் 50, வகைக்கு 10,000. அளவு, நாம் மேலே கண்ட 72இல் ஒரு பங்கு. பள்ளித் தச்சுக்கூடங்களில் மாணவர்களும் மாணவியரும் மென்மரக் கட்டைகளை அறுத்து, செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, அட்டையில் வெட்டிய அச்சுகளை ஒவ்வொரு பகுதியிலும் பொருத்திச் சரிபார்த்தார்கள். அளவு பிசகிய மாதிரிகள் தள்ளப்பட்டன. தேறியவற்றின் எண்ணிக்கைக்கேற்ப மாணவர்களுக்கு மதிப்புப் பட்டங்கள் வழங்கப்பட்டன.

அம்மாதிரிகளுக்கு அலங்காரம் ஏதும் இல்லை. சக்கரம் இல்லை, விமானி இல்லை, அடையாள வளையமும் இல்லை. முழுவதும் கறுப்பு வர்ணம். ஏனெனில் வானில் காண்பது வடிவத்தின் நிழலையே. அவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டோ, பயிற்றுநர் கையில் ஏந்தியோ, 35 அடி தொலைவில் காட்டுவார்கள். 35ஐ 72ஆல் பெருக்கினால் 2,520 அடி. ஏறத்தாழ அரை மைல். அதாவது வகுப்பறையின் மறுகோடியில் தொங்கும் மரத்துண்டு, அரை மைலுக்கு அப்பால் பறக்கும் உண்மை விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகவே தெரியும். கணக்கும் கைத்திறனும் சேர்ந்து வானத்தை ஓர் அறைக்குள் கொண்டுவந்தன. பகை நாட்டின் விமானங்களையும் அச்சிறுவர் அதே கவனத்துடன் செதுக்கினார்கள் என்பதை நினைக்க வேண்டும். பகைவனைப் பிழையின்றி அறியாதவன் நண்பனையும் பிழையின்றி அறியமாட்டான்.

நம் நாட்டு வானத்திலும் இதே கவலை எழுந்தது. பிரிட்டிஷ் விமானங்களின் வளையத்தில் வெளியே நீலமும் இடையே வெள்ளையும் நடுவே சிவப்பும் இருந்தன. ஜப்பானிய விமானத்தின் அடையாளமோ சிவப்பு வட்டம். ஓடும் நொடியில் சிவப்பைக் கண்டவுடன் விரல் விசையை அழுத்திவிடும். ஆகவே 1942இல் இந்தியாவிலிருந்த விமானங்களின் வளையத்திலிருந்து சிவப்பை நீக்கினார்கள். பின்னர், தென்கிழக்காசியப் போர்முனைக்கெனக் கருநீலமும் வெளிர்நீலமும் கொண்ட சிறு வளையம் வழக்கிற்கு வந்தது. பர்மாவின் மேல் பறந்த இந்திய விமானப்படையினரும் அவ்வளையத்தைத் தாங்கியே போரிட்டார்கள். இன்று மாதிரி செய்பவர் பர்மாப் போர்முனை விமானத்தில் அறியாமல் சிவப்புப் பொட்டு வைத்தால், அன்று சுடப்பட்டிருக்கக்கூடிய ஒரு விமானத்தைச் செய்துவிட்டவர் ஆவார்.

போர் முடிந்தபின் கடமை பொழுதுபோக்காயிற்று. பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் ஸ்பிட்ஃபயரின் பிளாஸ்டிக் மாதிரியை 72இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. பை ஒன்றில் இட்டு 2 ஷில்லிங்குக்கு உல்வொர்த் கடைகளில் விற்றார்கள். மரத்தைச் செதுக்கும் உழைப்பு மறைந்து, வார்த்த உறுப்புகளைப் பசையிட்டு இணைக்கும் நுட்பம் வந்தது. ஆனால் பழைய கேள்வி மறையவில்லை. அதைக் காண்பதற்கு நாமே ஒரு விமானத்தைச் செய்து பார்ப்போம். நாம் தேர்ந்துகொள்வது லிபரேட்டர் என்னும் குண்டுவீச்சு விமானம்.

லிபரேட்டர் அமெரிக்காவில் பிறந்தது. 18,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. மிச்சிகனில் ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் தொழிற்சாலையில், 1944இல், ஏறத்தாழ மணிக்கு ஒரு விமானம் வெளிவந்தது. அதன் இறக்கையின் விரிவு 110 அடி. நம் மேசையில் அது 18 அங்குலத்திற்குச் சற்று மேல். இறக்கை நீண்டு ஒடுங்கியது. உடல் உயர்ந்து பெட்டிபோல் இருப்பது. வாலின் இரு முனைகளிலும் முட்டை வடிவில் இரண்டு செங்குத்துத் தகடுகள். என்ஜின்கள் நான்கு. அவற்றின் உறைகள் வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் அகன்றிருக்கும். உயரத்தில் காற்று மெலிந்து போவதால், அதை அழுத்தி என்ஜினுக்கு ஊட்டும் கருவிக்கான காற்றுக்குழாய்கள் உறையின் இருபுறமும் செல்கின்றன. அகலத்திற்குக் காரணம் அதுவே. இக்காரணத்தை அறிந்தவர் உறையை வட்டமாகத் தேய்த்துவிட மாட்டார்.

குண்டறையின் கதவுகள் வெளியே திறப்பவை அல்ல. கடைவீதியில் உருட்டி ஏற்றும் இரும்புக் கதவுபோல் உடலின் பக்கங்களில் சுருண்டு ஏறுபவை. குண்டறையின் நடுவே முன்னும் பின்னும் செல்ல ஒரு நடைபலகை உண்டு. உண்மையில் அதன் அகலம் ஏறத்தாழ 9 அங்குலமே. மாதிரியில் 3 மில்லிமீட்டர். அம்மெல்லிய கீற்றை இடுக்கியால் எடுத்து ஒட்டும்போது, நள்ளிரவில் திறந்த கதவுகளுக்கு மேலே அதில் காலடி வைத்து நடந்த இளைஞர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள்.

செய்முறையில் இரு செய்திகளை மட்டும் சொல்வோம். இவ்விமானம் மூக்கின் கீழ் ஒரு சக்கரமும் இறக்கையின் கீழ் இரண்டுமாக மூன்று சக்கரங்களில் நிற்பது, பின்பாரம் மிகுதி. மாதிரியின் மூக்கினுள் சிறு ஈயக் குண்டுகளை ஒட்டி வைக்காவிட்டால், எல்லாம் முடிந்தபின் வால் தரையில் படிய உட்கார்ந்துவிடும். மற்றொன்று ரிவெட்டு ஆணிகள். பழைய வார்ப்புகளில் ஆணித்தலைகள் மணிமணியாகப் புடைத்திருந்தன. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் புடைத்தாலும், உண்மை விமானத்தில் அது 7 சென்டிமீட்டருக்கு மேல். உடலெங்கும் எலுமிச்சங்காய் பதித்ததற்கு ஒப்பாகும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து நீக்குவதே அறிவுடைமை. சிறிதாக்கும் கலையில், விடவேண்டியதை விடுவதும் ஒரு பகுதி.

இனி வர்ணம் பூச வேண்டும். அடையாளம் ஒட்ட வேண்டும். இங்கேதான் நம் கேள்வி மீண்டும் எழுகிறது. இது யாருடைய லிபரேட்டர்?

அமெரிக்க நட்சத்திரத்தை ஒட்டலாம். அல்லது கருநீல, வெளிர்நீல வளையத்தை ஒட்டலாம். இருவருடைய லிபரேட்டர்களும் வங்காளத்தில் பாண்டவேஸ்வர், திக்ரி, சல்போனி, துபாலியா முதலிய தளங்களிலிருந்து பர்மாவுக்கும் சயாமுக்கும் பறந்தன. அவற்றின் இலக்குகளுள் ஒன்று சயாம்–பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்டனர். போர்க்கைதிகளோடு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் அங்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களுள் மிகப் பலரைக் கொன்றன. பாதை முடிந்தபின்னும், அதைச் செப்பனிடும் வேலைக்கு நிறுத்தப்பட்டவர்களும் கைதிகளும் வானிலிருந்து விழுந்த குண்டுகளுக்கு அஞ்சி வாழ்ந்தார்கள். பலர் அவற்றால் மடிந்தார்கள். 1945இல் குவாய் ஆற்றுப் பாலத்தை உடைத்தவையும் லிபரேட்டர்களே. தங்களைச் சிறைவைத்தவனை வீழ்த்த வந்த விமானத்தையே கண்டு தங்கள் உயிருக்காக ஓடவேண்டியிருந்தது அவர்கள் நிலை. நட்பு விமானம், பகை விமானம் என்று பிரித்தறிய எத்தனை பயிற்சி பெற்றிருப்பினும், கீழே நிற்பவனுக்கு அப்பிரிவினை பயன்படாத நேரமும் உண்டு. மாதிரியை மேசையில் வைத்து அழகு பார்க்கும் நாம் இதை மறத்தல் கூடாது.

மூன்றாவது விடையும் ஒன்று உண்டு. போர் முடிந்ததும், நேச நாட்டுப் படைகள் பல லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுச் சென்றன. கடன் குத்தகை ஒப்பந்தப்படி வந்த அவற்றை மீண்டும் பறக்க விடாதபடி சிதைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. என்ஜின்களில் மணல் இடப்பட்டது, கருவிகள் நொறுக்கப்பட்டன, உடற்பகுதிகள் பிளக்கப்பட்டன. அவ்விடம் விமானங்களின் இடுகாடாயிற்று.

விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூரிலிருந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அவ்விடுகாட்டை நோக்கினார்கள். வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையுடன் 1940இல் தொடங்கிய நிறுவனம் அது. போரின்போது, 1943 முதல், அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரும் பணிமனையாக அது விளங்கிற்று. ஆகவே அத்தொழிலாளர்களின் கைகள் அந்த யந்திரங்களை ஏற்கெனவே அறிந்திருந்தன. கான்பூரில் ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்தி, ஒருமுறை பறந்தால் போதும் என்ற அளவில் செப்பனிட்டார்கள். முன்ஷி என்ற விமானி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், ஓட்டி வந்தார். பெங்களூரில் அவை முற்றும் பிரிக்கப்பட்டுப் புதுக்கப்பட்டன. இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர்பெற்றன.

1948 நவம்பரில் கான்பூரில் 5ஆம் படையணி லிபரேட்டர்களைக் கொண்டு அமைந்தது. 1951இல் பூனாவில் அமைந்த 6ஆம் படையணி அவற்றைக் கடற்காவலுக்குப் பயன்படுத்தியது. 1968ஆம் ஆண்டின் இறுதிவரை அவை இந்திய விமானப்படையில் பணிபுரிந்தன. வேறெந்த நாட்டுப் படையிலும் லிபரேட்டர் அத்தனை காலம் நீடிக்கவில்லை. பிழைப்பை நாடிப் பெங்களூர் சென்று அத்தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் நம்மவரிலும் பலர். அவர்களுடைய குடும்பங்களுக்கு இவ்வரலாறு அண்டை வீட்டுச் செய்தி.

இந்த லிபரேட்டரைச் செய்ய விரும்பினால் நம் வேலை சற்றுக் கூடும். வெளிநாட்டுப் பெட்டியில் வரும் நீரில் நனைத்து ஒட்டும் தாள்களில் பெரும்பாலும் அயல்நாட்டு அடையாளங்களே இருக்கும். நாமே வரைந்துகொள்ள வேண்டும். விடுதலைக்குப் பின் சில காலம் நம் விமானங்களில் வெண்மையின்மேல் நீல அசோகச் சக்கரம் இருந்தது. பின்னர் வெளியே காவி, இடையே வெள்ளை, நடுவே பச்சை என மூவண்ண வளையம் வந்தது. எவ்வாண்டு விமானத்தைச் செய்கிறோம் என்று முடிவு செய்யாமல் வளையத்தை ஒட்ட இயலாது. கடற்காவல் விமானமாயின் வயிற்றுப்புறத்துத் துப்பாக்கிக் கூண்டு இருந்த இடத்தில் ராடார்க் கூடு வரவேண்டும். உடல் வர்ணமற்ற வெள்ளி நிறம். ஆனால் முழுவதும் ஒரே வெள்ளியாகப் பூசினால் அது பொய். பல விமானங்களின் தகடுகள் கலந்து ஒன்றான உடலில் ஒரு தகடு மங்கியும் அடுத்தது மின்னியும் இருக்கும். வெள்ளி வர்ணத்தில் துளி கறுப்போ பழுப்போ கலந்து, தகட்டுக்குத் தகடு வேறுபடுத்திப் பூசவேண்டும். அந்த நிறவேற்றுமை, பெயர் தெரியாத தொழிலாளியின் கையெழுத்து.

அக்கைகளின் உழைப்பு எத்தகையது என்பதைப் பிற நாடுகளே உணர்ந்து போற்றின. போருக்குப் பின் பிறந்த நாட்டிலேயே லிபரேட்டர்கள் உருக்கி அழிக்கப்பட்டன. அரும்பொருளகத்தில் வைக்க ஒன்று வேண்டும் என்று தேடியபோது, அமெரிக்காவும் கனடாவும் பிரிட்டனும் இந்தியாவை நாடின. 1974இல் ஒன்று பிரிட்டனின் விமானப்படை அரும்பொருளகத்துக்குச் சென்றது. இந்தியாவிலிருந்து சென்ற மற்றொன்று முற்றும் புதுக்கப்பட்டு 1989இல் அமெரிக்க வானில் மீண்டும் பறந்தது. நம்மிடம் எஞ்சியதைத் தில்லியில் பாலம் விமானதளத்தை அடுத்த இந்திய விமானப்படை அரும்பொருளகம் பாதுகாத்து வந்திருக்கிறது. அயல்நாட்டு அரும்பொருளகங்கள் சில, தமக்குக் கிடைத்ததை அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் போர்க்கால வர்ணத்திற்கு மாற்றியதும் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆயினும் அந்த வர்ணத்தின் அடியில் இருபது ஆண்டு இந்திய வாழ்வு மறைந்து கிடக்கிறது.

எனவேதான் மேசைமேல் கிடக்கும் சிறு வளையத் தாளை நாம் அற்பமாக எண்ணுவதில்லை. 1939இல் அடையாளம் பிசகியதால் ஓர் இளைஞர் மாண்டார். இன்று அடையாளம் பிசகினால் யாரும் மாள்வதில்லை. செய்தவனுடைய உழைப்பு ஒன்றே மறதியில் மாள்கிறது. மாதிரி செய்யும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருப்பின், பசை உலர்வதற்குள் அவர்களை அருகில் அமர்த்தி, இதைச் செய்தவர் யார், ஓட்டியவர் யார், இதன் கீழே நின்றவர் யார், இதை மீட்டவர் யார் என்று கேளுங்கள். விடை தெரிந்தபின் வளையத்தை ஒட்டட்டும். சிறுதேர் உருட்டும் குழந்தைக்குப் பெருந்தேரின் வடம் பிடித்தவர்களையும் காட்டுவது பெரியோர் கடமையன்றோ?